ஃபெரெட்டுக்கு இன்சுலினோமா: வாழைப்பழத்தை நிறுத்துங்கள்

ஐந்து வயது ஃபெரெட் (கீரி போலிருக்கும், இறைச்சி தின்னும் வளர்ப்புப் பிராணி), பின்னங்கால் இழுக்கிறது, எச்சில் வடிய வாயைப் பிறாண்டுகிறது, இன்சுலினோமா (இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டி) என்று மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார், தெம்புக்கு வாழைப்பழம் தருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பழத்தை நிறுத்துங்கள். கணையத்தில் இருக்கும் கட்டி ஏற்கெனவே இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, இனிப்பு உள்ளே போனால் இன்னும் சுரந்து, கொஞ்ச நேரத்தில் ரத்தச் சர்க்கரை முன்பைவிடக் கீழே இறங்கிவிடும். இறைச்சி உணவைத்தான் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தூக்கம் கெடும், வேறு வழியில்லை.

தேன் அவசரத்துக்கு மட்டும். துவண்டு விழுந்தாலோ வெறித்துப் பார்த்தாலோ ஈறில் லேசாகத் தடவுங்கள், வலிப்பு வந்திருந்தால் விரலைப் பல்லுக்கு நடுவே விடாதீர்கள் (கடிப்பது அதற்கே தெரியாது), வாய்க்குள் எதையும் ஊற்றவும் வேண்டாம். தெளிந்து தானாக விழுங்க ஆரம்பித்ததும் இறைச்சி கொடுங்கள். வலிப்பு என்றால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் மாத்திரை. நன்றாக ஓடுகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அது போதாமல் போனால் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு மருந்தையும் சேர்ப்பார்கள்.

அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டீர்கள். கட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் நடுவில் நல்ல காலம் கிடைக்கும். இதயமும் மற்ற உறுப்புகளும் நன்றாக இருந்தால் ஐந்து வயதில் நான் யோசிப்பேன். ஃபெரெட்டை அறுத்துப் பழகிய மருத்துவராகப் பாருங்கள்.