சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடுகிற செமாக்ளூடைட் மாதிரி பெப்டைட் ஊசிகள் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன? பக்கவிளைவு வருமா?

வரும். பெரும்பாலும் மருந்து வேலை செய்கிற அதே வழியில்தான் பக்கவிளைவும் வரும்.

அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைட். இன்சுலினும் அந்த ஜாதிதான், 51 அமினோ அமிலம். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சர்க்கரை ஏறியிருந்தால் கணையத்தை இன்சுலின் விட வைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையில் பசியை அடக்கும். ஆனால் டிபிபி-4 என்ற நொதி அதை ஓரிரு நிமிடத்தில் வெட்டிப் போட்டுவிடும். செமாக்ளூடைடில் அந்த வெட்டுகிற இடத்து அமினோ அமிலத்தை மாற்றி, ரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுப்பமில வாலையும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகிறது, வாரத்துக்கு ஒரு ஊசி போதும். (இந்த வகையில் முதலில், 2005-ல் வந்த எக்ஸெனடைடுக்கு மூலம் கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்கப் பல்லியின் விஷம். நிஜமாகத்தான்.)

இரைப்பை மெதுவாகிறது இல்லையா, குமட்டல், வாந்தி, மலச்சிக்கலுக்கு அதுவும் ஒரு காரணம். என் சித்தப்பா ஊசி தொடங்கிய புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பழக்கதோஷத்தில் முழு இலையும் காலி செய்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கும் புளிச்ச ஏப்பத்தோடு "மத்தியானச் சாம்பார் இன்னும் அப்படியே நிக்குதுடா" என்று உட்கார்ந்திருந்தார். இதற்காகத்தான் முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராமில் வைத்து, பிறகு 0.5-க்கு ஏற்றுகிறார்கள். சீக்கிரம் இளைக்கலாம் என்று நீங்களாக டோஸை ஏற்றாதீர்கள்.

மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுப் பக்கம் பரவினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. பித்தப்பைக் கல்லும் வரலாம். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுத்தால் லோ சுகர் ஆகலாம், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டு புற்றுநோயில் ஒரு அரிய வகை) இருந்திருந்தால் இந்த ஊசியே கூடாது. ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வெறும் வயிறு என்று அவர் நினைக்கிற வயிற்றில் சாப்பாடு இருக்கலாம்.

அப்புறம், ஜிம்மில் காயம் சீக்கிரம் ஆறும் என்று சொல்லி பிபிசி-157 என்று ஒரு குப்பியை நீட்டுவார்கள். அதுவும் பெப்டைட்தான், ஆனால் மனிதருக்கான மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு அனுமதி தரவில்லை. அதை நான் தொடமாட்டேன்.