பாப்பா தைச்ச பாவாடையைப் பாத்தேண்ணே

அண்ணே, நேத்து நீங்க மாட்டுத்தாவணில லோடு இறக்கிட்டு பாப்பாவோட ஃபேஷன் டிசைன் படிப்பு பத்திப் பேச எங்கிட்ட அவசரமா வந்தீங்க, வெளிய வேற நாலு பேரு காத்துக்கிட்டிருந்தாங்க, சரியா பேச முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். மதினிக்கும் படிச்சுக் காட்டுங்க. நீங்க கேட்டது ஒரே கேள்விதான், "டெய்லர் வேலைக்குப் போறதுக்கா நாலு வருஷம் படிக்க வைக்கணும்?"னு. நீங்க அதைக் கேக்கும்போது பாப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டா. கோவிச்சுக்கிட்டான்னு நினைக்காதீங்க, அவளுக்கு பதில் சொல்லத் தெரியல, அம்புட்டுதான். அவளுக்காக நான் சொல்றேன்.

நீங்க போன் பேச வெளிய போனப்ப பையில இருந்து ஒரு பாவாடைய எடுத்துக் காட்டினா. அவ அப்பத்தாவோட பழைய சுங்குடிச் சேலையாம், மெரூன் கலர்ல வெள்ளைப் புள்ளி. இடுப்புல நாடா, முன்பக்கம் திறப்பு, அதுக்கு ஏழு டிச் பட்டன். இடுப்புல கட்டினா பாவாடை, நாடாவ உருவிக் கழுத்துல சுருக்கிப் போட்டா தொடை வரைக்கும் தொங்குற கேப், அதான் தோள்ல போத்துற மேலாடை. இது வரைக்கும் யூடியூப்ப பாத்து யாரு வேணா பண்ணிருவாங்கண்ணே. என்னைய நிமிர வச்சது சைடுல விட்டிருந்த ரெண்டு பிளவு. பாவாடையா கட்டும்போது அது பாக்கெட் வாய், உள்ள நாடால ஒரு சுருக்குப்பைய கோத்து விட்டிருக்கா, அப்பத்தா வெத்தல பாக்கு வைக்கிற மாதிரி சுருக்குப்பை. அதையே கேப்பா போடும்போது சுருக்குப்பைய கழட்டிட்டா, அந்தப் பிளவு வழியா கைய வெளிய விட்டுக்கலாம். ஒரே ஓட்டைக்கு ரெண்டு வேலை. இதை யாரும் சொல்லிக் குடுக்கல, நான் துருவித் துருவிக் கேட்டேன், அவளா யோசிச்சதுதான்.

ஆனா அதுல ஒரு கிழிசலும் இருந்துச்சு. மேல இருந்து மூணாவது பட்டன்கிட்ட பட்டன் பிரியாம துணியே பிஞ்சிருக்கு. "பழைய துணி, அதான்"னு சொன்னா. துணி பழசுதான், இத்துப்போனதுதான், ஆனா அது மட்டும் காரணமில்ல. கேப்பா போட்டுக் காட்டச் சொல்லி கையத் தூக்கச் சொன்னேன், முன்பக்கம் மொத்தமும் மேல ஏறுச்சு. ஏன்னா அந்தப் பிளவு பாக்கெட்டுக்கு சரியான உயரத்துல இருக்கு, கைக்கு நாலு விரக்கடை கீழ வந்திருக்கணும். கைய அசைக்க அசைக்க இழுப்பு பூராம் அந்த மூணாவது பட்டன்லதான் போய் விழுகுது, பின்னாடி விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் துணியும் வைக்கல. இடுப்புல கட்டுனா பாரத்த நாடா தாங்கிக்கிரும், கழுத்துல போட்டா பாரம் தோளுக்கும் பட்டனுக்கும் மாறிருது. உடுப்ப மாத்திப் போடும்போது பாரம் எங்கிட்டு இருந்து எங்கிட்டுப் போகுதுன்னு பாக்கத் தெரியணும்ணே, அதைத்தான் படிச்சுக் கத்துக்கணும். டெய்லர் அளவெடுத்து ஒரு ஆளுக்கு ஒரு உடுப்பு தைக்கிறாரு, அது பெரிய வேலை, நான் குறைச்சு சொல்லல. பாப்பா பண்ண நினைக்கிறது ஒரே துணிய ரெண்டு விதமா, அதையும் வேற வேற உடம்புக்காரங்க போடுற மாதிரி. அதுக்குத் தையலோட கணக்கும் வேணும்.

இந்தப் புத்தி நம்ம ஊருக்குப் புதுசில்லையேண்ணே. உங்க தோள்ல கிடந்த துண்டையே பாருங்க, வெயிலுக்குத் தலைப்பாக, மூட்டை தூக்க சும்மாடு, இடுப்புல கட்டினா வேலைக்கு இறங்கியாச்சுன்னு அர்த்தம், படுக்கும்போது விரிப்பு. வேட்டிய இறக்கிக் கட்டினா விசேஷத்துக்கு, மடிச்சுக் கட்டினா வயலுக்கு, தார்ப்பாய்ச்சிக் கட்டினா இன்னொண்ணு. மதினி கட்டுற சேலைல ஒரு வெட்டு இருக்கா, ஒரு தையல் இருக்கா? அஞ்சரை மீட்டர் துணி, ஒல்லியா இருந்தாலும் குண்டா இருந்தாலும் மாசமா இருந்தாலும் அதே சேலைதான், கொசுவத்த கூட்டிக் குறைச்சா போதும், பிள்ளை பிறந்தா அதே சேலை தூளி. சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்கையில கீழ ரெண்டு மூணு டக்கு பிடிச்சு வைப்பாங்கள்ல, வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சு விட, பிள்ளையோட பாவாடையும் வளரும். சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுறவங்க போடுற சல்லடம், அந்தக் குட்டைக் கால்சட்டை கூட அப்படித்தான், நாடாதான் அளவு, அண்ணன் போட்டத அடுத்த வருஷம் தம்பி போடுவான்.

வெளிநாட்டுல இதே யோசனையில பேரு வாங்குனவங்க இருக்காங்க, பாப்பாவுக்காக சொல்றேன், அவ தேடிப் பாக்கட்டும். டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974ல சுத்திக் கட்டுற ராப் டிரஸ்ஸ கொண்டு வந்தாங்க, ஜிப்பு கிடையாது, இழுத்துக் கட்டுறதுதான். டோனா காரன் 1985ல ஏழு உருப்படிய மட்டும் வச்சு, அதையே மாத்தி மாத்திப் போட்டா ஆபீஸுக்கும் ஆச்சு ராத்திரி விருந்துக்கும் ஆச்சுன்னு ஒரு வரிசைய இறக்குனாங்க. ஜப்பான்ல இஸ்ஸே மியாகே 1998 வாக்குல நீளக் குழாய் மாதிரி பின்னின துணி ஒண்ணு கொண்டு வந்தாரு, வாங்குறவங்களே கோட்டுல கத்திரிச்சு, கை நீளம் வேணுமா குட்டை வேணுமான்னு முடிவு பண்ணிக்கலாம். வெட்டுனாலும் பிரியாத மாதிரி பின்னல் போட்டதுலதான் அந்த ஆளோட வேலை இருக்கு. பாப்பா இதைப் படிச்சா ஒண்ணு புரியும், துணியத் தெரிஞ்சுக்கிறதுதான் முதல் பாடம்னு.

அதுல அவளுக்கு இப்ப ஒண்ணும் தெரியல, இதை ஒளிவு மறைவில்லாம சொல்லிர்றேன். இணையத்துல பத்து விதமா கட்டிக் காட்டுற டிரஸ் இருக்கே, வட்டப் பாவாடையும் ரெண்டு நீளப் பட்டையும், அதைப் பாத்து காட்டன்ல தைச்சிருக்கா, தொங்குது, நிக்க மாட்டேங்குது. அது இழுபடுற பனியன் துணிக்கு போட்ட டிசைன், அந்தத் துணி ஓரம் நூல் பிரியாது, உடம்போட ஒட்டும். நெசவுத் துணிக்கு அந்தக் குணம் கிடையாது, கிராஸ்ல, அதாவது மூலைவாட்டுல வெட்டுனாத்தான் கொஞ்சமாவது இழுபடும். அதே மாதிரி உள்ளயும் வெளியயும் மாத்திப் போடுறதுன்னு ரெண்டு கலர் துணிய ஒட்டித் தைச்சிருக்கா, துவைக்காம தைச்சிருக்கா, முதல் தண்ணில ஒண்ணு சுருங்கிருச்சு ஒண்ணு சுருங்கல, ஓரம் பூராம் அலை அலையா நிக்குது. ரெண்டு துணியையும் முதல்ல நனைச்சுக் காயப்போட்டு அயர்ன் பண்ணிட்டு வெட்டியிருந்தா இது வந்திருக்காது. சாயம் இறங்குதான்னும் வெள்ளத் துணில தேச்சுப் பாக்கணும். சின்ன விஷயம்தான், ஆனா கம்பெனில சாம்பிள் பிரிவுல முதல்ல கேக்குறதே இதைத்தான்.

இன்னொன்னும் அவகிட்ட சொன்னேன். பத்து விதமா போடலாம்ங்கிறது விளம்பரத்துக்கு. வாங்குனவங்க கண்ணாடி முன்னாடி நின்னு பத்தையும் கட்டிப் பாக்க மாட்டாங்க, ரெண்டு விதமாத்தான் போடுவாங்க, அந்த ரெண்டும் அரை நிமிஷத்துல மாறணும், உதவிக்கு ஆள் தேடக் கூடாது, துவைச்சாலும் கெடக் கூடாது. யாருக்கு இது உண்மையிலயே தேவைன்னு பாத்து அங்க இருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். பால் குடுக்குற தாய்க்கு, கைய மேல தூக்க முடியாத வயசானவங்களுக்கு, ஹாஸ்டல்ல ஒரே ஒரு பெட்டியோட இருக்குற பிள்ளைக்கு, காலைல முகூர்த்தம் சாயங்காலம் ரிசப்ஷன்னு ஒரே பஸ் டிக்கெட்ல போயிட்டு வர்றவங்களுக்கு. சொன்னதும் உடனே நோட்ட எடுத்து எழுதிக்கிட்டா.

சரி, படிப்புக்கு வர்றேன். அவ காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். கணக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி எடுத்திருந்தா அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல ஃபேஷன் டெக்னாலஜி, டெக்ஸ்டைல் டெக்னாலஜி பக்கம் போயிருக்கலாம், அதுல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட்டு கிடைச்சா ஃபீஸையும் அரசே கட்டும். இவளுக்கு அந்தக் கதவு இல்ல, சின்னவன் பத்தாவது முடிக்கப் போறான்ல, அவனுக்காகவாவது ஞாபகம் வச்சுக்கங்க.

நிஃப்ட், அதான் தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம், அதைப் பத்தி கேட்டீங்க. 1986ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம், நம்ம மாநிலத்துல சென்னை தரமணில இருக்கு. பி.டிசைன் நாலு வருஷம், எந்த குரூப் எடுத்தவங்களும் எழுதலாம். வரையிற பரீட்சை ஒண்ணு, பொதுத் திறன் பாக்குறது ஒண்ணு, அதுல தேறுனா கையில சாமான குடுத்து ஒரு மாடல் செய்யச் சொல்ற டெஸ்ட் ஒண்ணு. அந்தக் கடைசி டெஸ்ட்ல பாப்பா ஜெயிச்சிருவா, எனக்கு சந்தேகமே இல்ல. பயப்படுறது ரெண்டாவதுக்குத்தான், கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தில மட்டும்தான் வருது. இப்ப இருந்து தெனம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கணும். பரீட்சை பெரும்பாலும் பிப்ரவரில வந்திரும், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா வண்டி போயிரும். ஃபீஸ் வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஆகும்ணே, பேங்க் கடன் வாங்கித்தான் ஆகணும், அதை மறைச்சு உங்கள ஆசைப்பட வைக்க எனக்கு மனசில்ல. பரீட்சை எழுதட்டும், கிடைச்சா அப்ப உக்காந்து கணக்குப் போடுவோம்.

கிடைக்கலைன்னா கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பி.எஸ்சி காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கு, மூணு வருஷம், செலவும் அந்த அளவுக்கு வராது, காமர்ஸ் படிச்சவங்கள சேத்துக்குறாங்களான்னு ஒவ்வொரு காலேஜ்லயும் கேட்டுக்கணும். திருப்பூர்ல படிச்சா பனியன் கம்பெனிகள் நடந்து போற தூரத்துல, சாம்பிள் ரூம், வெட்டுறதுக்கு அளவு வரைஞ்சு குடுக்குற பேட்டர்ன் மாஸ்டர், ஆர்டர் பேசி முடிக்கிற மெர்ச்சண்டைசர் வேலையெல்லாம் கண்ணால பாத்துக்கிட்டே படிக்கலாம். "டிசைனர்"னு போர்டு மாட்டுறது கொஞ்சப் பேருதான், ஆனா பேட்டர்ன் போடத் தெரிஞ்ச ஆளத் தேடிக்கிட்டு இருக்காங்க. எதுவும் தோதுப்படலைன்னா ஐடிஐல டிரஸ் மேக்கிங், சூயிங் டெக்னாலஜி ஒரு வருஷம், அதைக் கேவலமா நினைக்காதீங்க. டிகிரியோ ஐடிஐயோ சேந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுன்ட்டுக்கு வரும், ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்தானே, ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கி வச்சிருங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், பளபளன்னு நோட்டீஸ் அடிச்சு "நூறு சதவீத வேலை"ன்னு சொல்ற எடத்துல பணத்தக் கட்டிராதீங்க. என் கூடப்பிறந்த அக்கா மக அப்படி ஒரு எடத்துல சேந்து, அக்கா வளையல வித்துக் கட்டுன பணம் போச்சு. நாப்பது பிள்ளைகளுக்கு ஆறு மெஷின், அதுலயும் ரெண்டு ஓடாது. வருஷம் பூராம் படம் வரைஞ்சு கலர் அடிக்க விட்டாங்க, கடைசில ஒரு ஜாக்கெட்டுக்கு கை ஏத்தத் தெரியாம வந்தா பிள்ள. அப்ப நான் படிப்புக்கு வழி சொல்ற இந்த வேலைல இல்ல, கேக்கத் தெரியல. இப்ப எந்த எடத்துக்குப் போனாலும் முதல்ல மெஷின எண்ணுங்க, படிச்சு முடிச்ச பிள்ளைக தைச்ச உடுப்பக் காட்டச் சொல்லுங்க, உள்பக்கத்தத் திருப்பிப் பாருங்க.

அதுக்கும் முன்னாடி பாப்பா செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. லீவுல, ஞாயித்துக்கிழமைல, ஒரு நல்ல டெய்லர்கிட்ட உக்காரட்டும். மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல புதுமண்டபத்துல தூணுக்கு தூண் மெஷின் போட்டிருந்தாங்கள்ல, இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துட்டாங்க, அங்க வயசான மாஸ்டருக இருக்காங்க, கண்ணால பாத்தே இடுப்பளவு சொல்லிருவாங்க. அவங்ககிட்ட ஒரு ஜாக்கெட்ட ஒழுங்கா தைக்கக் கத்துக்கிட்டாலே போதும், கை, கழுத்து, உடம்பு வளைவுக்குப் பிடிக்கிற டாட்டு, கிராஸ் கட்டிங் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஒரு உடுப்ப ஒரு விதமா உடம்புல உக்கார வைக்கத் தெரியாம ரெண்டு விதமா உக்கார வைக்க முடியாது. அப்படியே விளக்குத்தூண் பக்கம் போயி சுங்குடி முடிச்சு போடுறவங்களையும் பாக்கட்டும், 2005லயே புவிசார் குறியீடு வாங்குன துணிண்ணே அது, கையால முடிச்சு போட்டதுக்கும் அச்சு அடிச்சதுக்கும் வித்தியாசம் அவளுக்கு இன்னும் தெரியல. இனிமே நல்ல துணில கைய வைக்க வேணாம், காடாத் துணி வாங்கிக் குடுங்க, விலை கம்மி, தப்பா வெட்டுனாலும் மனசு பதறாது.

மாப்பிள வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு மதினி கேட்டாங்களாம். பிள்ளைக்கு பதினேழு வயசுண்ணே. அந்தப் பேச்ச இப்ப எடுக்க வேணாம்னு மட்டும் மதினிகிட்ட சொல்லுங்க.

வர்ற சனிக்கிழமை உங்களுக்கு லோடு இல்லைன்னு சொன்னீங்க, பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. பாப்பா அந்தப் பாவாடைய எடுத்துக்கிட்டு வரட்டும், கிழிசலத் தைச்சிராம அப்படியே. நான் கேன்வாஸும் காடாவும் வாங்கி வைக்கிறேன், அந்தப் பிளவ நாலு விரக்கடை கீழ இறக்கி உங்க முன்னாடியே வெட்டட்டும்.