பார்வை குறைந்த தம்பிக்குத் தேர்வில் கூடுதல் நேரம்

அண்ணாச்சி, பார்வை குறைந்த உங்கள் தம்பிக்குச் சென்னையில் பி.ஏ. இடம் கிடைத்தும், தேர்வில் கூடுதல் நேரமெல்லாம் தர முடியாது என்று துறையில் கையை விரித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதென்ன, அவர்கள் போடும் பிச்சையா? 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்து, எழுத ஆள் வைத்துக்கொண்டால் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரவேண்டும். அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு இன்னும் 1 மணி நேரம்.

எழுதுகிற ஆளைப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கலாம், நாமே கூட்டிப்போகவும் செய்யலாம். நாமே கூட்டிப்போனால் அவர் தம்பியைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்கவேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லையென்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், சென்னையில் அலையவேண்டாம். அப்புறம், வாயால் கேட்காதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.