பையனுக்குப் பைப் தெரியுமா?

ஐயா, வணக்கம்.

நகையை அடகு வைத்துப் பையனின் மூன்று மாத பைப்பிங் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா, முடித்தால் வளைகுடா வேலை நிச்சயமாமே என்று நேற்று கேட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் வெளியே டீ குடிக்கப் போனபோது தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "2 இஞ்ச் பைப்பில் ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80, எதுக்கு வெளிச்சுற்று பெரிசு?" புதூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன், யோசிக்காமல் "80" என்றான். ஷெட்யூல் என்பது பைப் சுவரின் கனத்தைக் குறிக்கும் எண்; இரண்டுக்கும் வெளிவிட்டம் 60.3 மி.மீ.தான். சுவர் மட்டும் 3.91-லிருந்து 5.54 மி.மீ. ஆகும்; கனம் உள்பக்கமாக ஏறுவதால் துவாரம் சுருங்கும். இது தெரியாமல் துபாய் போய் என்ன செய்வான்?

உங்கள் திருமங்கலம் வீட்டில் தண்ணீர் ஏறுகிற ஜி.ஐ. பைப்பிலிருந்தே அவன் தொடங்கட்டும். சுவர்க் கனத்தைப் பொறுத்து மஞ்சள் பட்டை லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மேலே துத்தநாகப் பூச்சு இருப்பதால் வெல்டிங் வைத்தால் வரும் புகை உடம்புக்கு ஆகாது, பூச்சும் போய்விடும். அதனால்தான் மரை போட்டுச் சேர்க்கிறார்கள். அது பிளம்பர் வேலை.

அடுத்து, பைப் செய்யும் விதம். தகட்டை வளைத்து ஓரங்களை மின்சாரத்தில் ஒட்டினால் ஈ.ஆர்.டபிள்யூ. பைப். பழுக்கக் காய்ச்சிய முழு இரும்பு உருளையைத் துளைத்து இழுத்தால், தையலே இல்லாத சீம்லெஸ். கொதிகலன் நீராவி மாதிரி சூடும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் சீம்லெஸ்தான் கேட்பார்கள், விலையும் கூட. அதற்காகத் தையல் இருந்தாலே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் நெடுந்தூரக் குழாய்களிலும் ஈ.ஆர்.டபிள்யூ. ஓடுகிறது.

பால் பண்ணைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு பைப். அதில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது) வைக்கும்போது உள்ளே ஆர்கான் வாயு நிரப்பாவிட்டால் பற்றவைத்த இடம் உள்பக்கம் கருகிவிடும். அந்தக் கை சுத்தம் மூன்று மாதத்தில் வராது.

அதனால் முதலில் ஒரு வருடம் அப்ரண்டிஸ் போகட்டும்; திருச்சி பெல் மாதிரி இடத்தில் கிடைத்தால் விடாதீர்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் நகை பீரோவிலேயே இருக்கும். கூடவே ஆர்க் வெல்டிங்கும் டிக் வெல்டிங்கும் பழகி, பைப்பை 45 டிகிரி சாய்த்து வைத்து நடத்தும் 6ஜி வெல்டர் டெஸ்ட்டுக்குத் தயாராகட்டும். வெளிநாடு பிறகு. அப்போதும் ஏஜெண்டின் லைசென்ஸை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை தம்பியை மட்டும் அனுப்புங்கள். வரும் வழியில் ஏதாவது இரும்புக் கடையில் நாலு பைப்பின் மேல் அச்சடித்திருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.