வாசல் கேமரா யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியில் தனியாக இருக்கிறார்கள். வாசலுக்கு வைஃபை கேமராவும், மேல்தொட்டி மோட்டாருக்கு செல்போனில் இயக்கும் ஸ்மார்ட் பிளக்கும் மாட்டலாம் என்கிறார் உள்ளூர் கடைக்காரர். கேமராவை வெளியாட்கள் பார்த்துவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். மாட்டலாமா?

பதில்: வாசலுக்கு கேமரா தாராளமாக மாட்டுங்கள். கடைத்தெருவுக்குப் போன அப்பா திரும்பிவிட்டாரா என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் பயமும் நியாயம்தான். ஆனால் எங்கோ இருக்கும் ஹேக்கரைவிட, ஏணி போட்டு கேமராவை மாட்டுகிறவரைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன்.

அவர் கேமராவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்து, தன் நம்பரிலேயே கணக்குத் திறந்துகொண்டு, உங்களுக்கு 'ஷேர்' மட்டும் கொடுப்பார். உங்கள் போனிலும் படம் தெரிவதால் சரி என்று விட்டுவிடுவீர்கள். நீடாமங்கலம் பக்கம் ஒரு வீட்டில், மாட்டிய ஆள் வேலையை விட்டு ஒன்றரை வருடம் கழித்தும் அந்தத் திண்ணை அவர் போனில் தெரிந்துகொண்டிருந்தது. பாட்டி காய் நறுக்குவது வரைக்கும். ரீசெட் துளையில் ஊசியால் அழுத்தினால் போதும் என்பார்கள். பல கேமராக்களில் போதாது. பழைய கணக்குக்காரரே நீக்கினால்தான் புதுக் கணக்கில் ஏறும்.

அப்புறம் பாஸ்வேர்ட். 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். விதி போட்டாயிற்று, சரி. கடையில் நிற்கும் 70 வயதுப் பெரியவர் அதை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? சொல்ல ஒரு ஆள் கிடையாது.

வீட்டுக்குள் கேமரா வேண்டாம்.

மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் நேரடியாகச் சொருகவே கூடாது. ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிளக்குக்குள் கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் சின்ன ஸ்விட்ச், அதாவது ரிலே, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு வழியில் மட்டும் சம்மதிப்பேன்: நடுவில் மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டர் வைத்து, போன் ஸ்விட்ச் அதை மட்டும் இயக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் டிரை ரன் பாதுகாப்பு வேண்டும். கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும்படி ஆப்பில் மாற்ற வேண்டும். நெட் இல்லாதபோது அப்பா கையால் அழுத்த ஒரு பட்டனும் வேண்டும். 2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் நம் டெல்டாவில் உண்டு. ரவுட்டர் அணைந்தால் எந்த ஆப்பும் உதவாது; அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

மாட்டுகிற நாளில் வீடியோ காலில் இருங்கள். உங்கள் மெயிலில் நீங்களே கணக்குத் திறந்து, கியூஆர் கோடை அப்பா போனில் அந்தக் கணக்கு வழியாகவே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மாட்டியவர் போனில் உங்கள் வாசல் தெரியவில்லை என்று அப்பா பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும்.