கட்டுப்படி என்பது கடைக்காரரின் சொல்

கேள்வி: கோடைக்கு வந்த மின்கட்டணம் நாலாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இரண்டு மாதத்தில் 740 யூனிட் ஓடியிருக்கிறதாம். வீட்டில் நாங்கள் ஆறு பேர். ஆடம்பரமாக வாழ்கிறவர்கள் அல்லர். கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவர்களுக்குச் சப் மீட்டரில் 180 யூனிட் காட்டுகிறது. அவர்களிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கியும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மாதம் ஒருமுறை ரீடிங் எடுத்தால் பில் பாதியாகக் குறையும் என்கிறார்கள். இதையெல்லாம் நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
(வாசகர் ஒருவர், அம்பத்தூர்)

பதில்: எழுதுகிறேன் ஐயா. ஆனால் நீங்கள் கேட்ட இடத்திலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கண் போய் நின்றது ஒரே சொல்லில்: கட்டுப்படியாகவில்லை.

காலையில் கீரைக்கட்டுகளைக் கூடையில் சுமந்து வருகிற அம்மாவிடம் விலையைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல்லைத்தான் சொல்வார். கோயம்பேட்டில் மூட்டையாக எடுத்துத் தெருவில் கிலோவாக விற்கிற வெங்காயக்காரரும் இதைத்தான் சொல்வார். நூல் விலை ஏறிய மாதத்தில் தறிக்காரர் சொல்வார். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் குடும்பம் நடத்துகிறவர்களின் சொல் அது. மாதச் சம்பளக்காரரும் சில சமயம் சொல்வதுண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அதற்கு முன்னால் 'வாங்கியும்' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். பத்து ரூபாய் வாங்கியும் கட்டுப்படியாகவில்லை. அப்படியானால் கீழ் வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் மின்சாரம் விற்கிறீர்கள். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் மின்சாரத்தை வாங்கி விற்கக் கூடாது.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். முழு எண்ணாக வருவதால் 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் ஏறியதைச் சேர்த்தால் தொகை கொஞ்சம் கூடும், கணக்கின் போக்கு மாறாது.

740 யூனிட்டுக்கு 4,010 ரூபாய். கீழ் வீட்டிலிருந்து உங்கள் கைக்கு வருவது 1,800. மீதி 2,210 ரூபாய்தான் உங்கள் பையிலிருந்து போகிறது. இப்போது கீழ் வீட்டில் ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆறு பேரின் 560 யூனிட்டுக்கு மட்டும் பில் வந்திருந்தால் 2,430 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அவர்கள் அங்கே குடியிருப்பதால் உங்களுக்கு 220 ரூபாய் மிச்சம்.

கீழ் வீட்டுக்கு என்ன நேர்ந்தது? தனி இணைப்பு இருந்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 80 யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய் வீதம் 180 ரூபாய். அவ்வளவுதான். 180 ரூபாய் கட்ட வேண்டிய குடும்பம் 1,800 ரூபாய் கட்டியிருக்கிறது. கூடுதலாகப் போன 1,620 ரூபாயில் 220 உங்களுக்கு, 1,400 மின்வாரியத்துக்கு. மின்கட்டண உயர்வு என்று இந்த ஊரில் யார் குரல் கொடுத்தாலும், பத்து மடங்கு கட்டுகிற அந்தக் குடும்பத்தின் குரல் அதில் இருப்பதில்லை. அவர்கள் பெயரில் பில்லே இல்லை. எந்தத் தாளைக் காட்டிப் பேசுவார்கள்?

2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. அரசின் பணம் என்றால் கீழ் வீட்டுக்காரர் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் உண்டு. அந்த நூறு யூனிட் அவருக்கு வந்து சேர்வதில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சப் மீட்டர் இலவசம் என்ற சொல்லை அறியாது.

நூறு யூனிட் என்பது எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. 75 வாட் மின்விசிறி ஒன்று இரவு பகலாகச் சுழன்றால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். அறுபது நாளைக்கு 108. ஒரே ஒரு விசிறி! கீழ் வீட்டின் 180 யூனிட்டில் ஒரு விசிறியும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு விளக்கும் அடங்கிவிடும். ஆடம்பரமாக வாழவில்லை என்று எழுதினீர்களே, நம்புகிறேன். உங்கள் கூரைக்குக் கீழே உங்களைவிடவும் சிக்கனமாக ஒரு குடும்பம் இருக்கிறது.

இந்தச் சப் மீட்டர் விஷயத்தை நான் விடமாட்டேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் எழுதியபோது, சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசு என்று கடிதங்கள் வந்தன. வங்கிக் கடன், சொத்து வரி, தண்ணீர் லாரி என்று பட்டியல் போட்டிருந்தார்கள். பட்டியல் உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் வாடகை என்று ஒன்று வாங்குகிறோம். வாடகை போதவில்லையென்றால் வாடகையைக் கூட்டிக் கேளுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். விசிறிக் காற்றில் அதைச் சேர்த்து வசூலிக்கக் கூடாது. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதுவே.

திருமணமான புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். சப் மீட்டர் மாடிப்படிக்கு அடியில், செருப்புகள் விடுகிற பலகைக்கு மேலே இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. கோடு எத்தனை முறை வந்துபோகிறது என்று எண்ணினால் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்துவிடும். வந்த மூன்றாவது மாதத்தில் பில் தொகையைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒரு வேலை செய்தாள். ஒரு மாலைநேரம் எங்கள் வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் போய்க் குனிந்து நின்றாள். தட்டு நிற்கவில்லை. சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. நாலு குடித்தனத்துக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடியிருக்கிறது! வீட்டு உரிமையாளரிடம் சொன்னோம். வயரிங் செய்தவர் தவறு என்றார். சரிசெய்தும் கொடுத்தார். போன பணம் போனதுதான், திருப்பித் தரவில்லை. அந்தக் கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை. மின்வாரிய மீட்டரில் தவறென்றால் மனு எழுத ஓர் அலுவலகம் இருக்கிறது. சப் மீட்டரில் தவறென்றால் வீட்டைக் காலி செய்வதுதான் வழி.

இனி மாத ரீடிங். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி அது. கொடுத்தவர்களிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பில் பாதியாகும் என்று உங்களுக்குச் சொன்னவர் கணக்குப் போடாமல் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை எடுத்தால், யூனிட் கூடக் கூட விலை ஏறுகிற படிநிலைகளையும் பாதியாக்குவார்களா, அப்படியே விடுவார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதத்துக்கு 50 யூனிட் இலவசம், விலை எகிறுகிற 500 யூனிட் எல்லைக்குப் பதில் 250 என்று பாதியாக்கினால், ஏப்ரலில் 200, மே மாதத்தில் 300 ஓட்டிய வீட்டுக்கு 1,937 ரூபாய் ஐம்பது காசு வரும். அதே 500 யூனிட்டுக்கு இரண்டு மாதக் கணக்கில் வருவது 1,725 தான். கூடத்தான் செய்கிறது, குறையவில்லை. ஆகவே மாத ரீடிங் என்று மட்டும் கேட்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை யூனிட் எல்லை என்று சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய், 501 ஓடினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! கணக்கெடுக்க வருகிறவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் போதும், வெள்ளை அட்டையில் எண் ஏறிவிடும், கோட்டைத் தாண்டிவிடுவோம். தாமதம் அவர்களுடையது, தண்டம் நம்முடையது. இதைவிட மோசம், அந்த 500 என்பது இணைப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. தனியாக ஒருவர் ஏ.சி. போட்டுக்கொண்டு 480 யூனிட் ஓட்டினால் அவர் சிக்கனக்காரர் வரிசையில் வருகிறார். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஆறு பேர் சேர்ந்து 560 ஓட்டினால் அதிகம் செலவழிப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். பெற்றோரை உடன் வைத்துக்கொண்ட குடும்பத்துக்கு விதித்த அபராதம் இது. இதை எங்கே வேண்டுமானாலும் உங்களோடு வந்து சொல்லத் தயார்.

கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டால் மின்வாரியத்தின் கடனைக் காட்டுவார்கள். அது ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2014-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் வீட்டுக் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்து 2022-இல் ஒரே மூச்சில் ஏற்றினார்கள். ஏற்றாத ஆண்டுகளின் வட்டியும் நம் தலையில்தான் விழுந்தது.

மின்கட்டணம் என்று பேச்சு வந்தால் எனக்குக் கொங்கு விவசாயிகளின் நினைவு வராமல் இருக்காது. 1970-இல் பம்பு செட்டுக்கான கட்டணம் யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில்தான் ஏறியது. அந்தப் பைசாவுக்காக எழுந்தார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்டார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவை நகருக்குள் வந்தார்கள். வண்டிகளைத் தெருவில் நிறுத்தினார்கள், நகரம் அசையவில்லை. 1990-இல் விவசாயத்துக்கு முழுமையாக இலவச மின்சாரம் வந்தது என்றால் அதற்குப் பின்னால் இத்தனை ரத்தமும் இத்தனை ஆண்டும் இருக்கின்றன. அவர்களுக்கு நிலம் இருந்தது, சங்கம் இருந்தது, நிறுத்துவதற்கு ஒரு வண்டியாவது இருந்தது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு போர்ஷனில் இருக்கிறவருக்கு என்ன இருக்கிறது? வாயைத் திறந்தால் அடுத்த மாதம் வீடு பார்க்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதே என்று பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

அம்பத்தூர் வாசகரே, நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவர் 180 யூனிட்டையும் பத்து ரூபாயையும் இப்படி மறைக்காமல் எழுதமாட்டார். தெருவில் எல்லாரும் வாங்குகிறார்கள், நீங்களும் வாங்குகிறீர்கள். கீழ்ப் போர்ஷனுக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். வைப்புத்தொகை, வயரிங் என்று ஒருமுறை செலவாகும். குடியிருப்பவர் அதை வைத்து வீட்டுக்கு உரிமை கொண்டாடிவிடுவார் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இணைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், பில்லை அவர் கட்டட்டும். இரண்டு இணைப்பும் பிரிந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 2,610 ரூபாய்தான். இப்போது போகிற 4,010-இல் 1,400 குறையும். நீங்கள் கேட்ட கட்டணக் குறைப்பு இதற்குள்ளேயே இருக்கிறது.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். வந்த பில்லைக் கீழே எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுங்கள். 4,010 ரூபாயை 740 யூனிட்டுக்குப் பங்கிட்டால் அவர்களுடைய 180-க்கு 975 ரூபாய் வருகிறது. 1,800 வாங்கியிருக்கிறீர்கள். மீதி 825 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த 501-ஆவது யூனிட்டைப் பற்றி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு எழுதுவோம். உங்கள் கையெழுத்துக்குக் கீழே கீழ் வீட்டுக்காரரும் போடட்டும், அதற்குக் கீழே நான் போடுகிறேன்.