நாய்க்குட்டி வாங்கப் போகிறோம். நல்ல கால்நடை மருத்துவரை எப்படித் தேடுவது, செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே டாக்டரைத் தேடி வைத்துவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி எடுக்கும் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், திறந்திருக்கும் இடத்துக்குத்தான் போக முடியும்.

இரண்டு இடங்கள் தேவை. ஒன்று, கால் மணி நேரத்தில் போகக்கூடிய கிளினிக். இன்னொன்று, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ள இடம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். ‘மாட்டாஸ்பத்திரி’ என்று அரசு கால்நடை மருந்தகத்தையும் ஒதுக்காதீர்கள். ரேபிஸ் ஊசிக்கு அது போதும். ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (ரேபிஸ் தினம்) தேதிகளை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும்.

பலகையில் பி.வி.எஸ்சி. பட்டமும் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிறகு போன் செய்து மூன்று விலை கேளுங்கள்: பார்வோ (குட்டிகளுக்கு வரும் கடும் வாந்தி-பேதி நோய்) ஊசி டாக்டர் பீஸோடு எவ்வளவு, ஒரு நாள் ட்ரிப்ஸ் ஏற்ற எவ்வளவு, 20 கிலோ பெட்டைக்குக் கருத்தடை எவ்வளவு. ராத்திரி வந்தால் யார் பார்ப்பார் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லவே சலித்துக்கொள்ளும் இடம் அவசரத்துக்கு உதவாது.

முதல் வருடச் செலவை எண்ணிவிடலாம். கூட்டுத் தடுப்பூசி (பார்வோ உட்படப் பல நோய்களுக்கு ஒரே ஊசி) 6-8 வாரத்தில் ஆரம்பித்து, 3-4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை. ஆக மூன்று அல்லது நான்கு ஊசி. ரேபிஸ் மூன்று மாதத்தில், ஒரு மாதம் கழித்து பூஸ்டர், அப்புறம் வருடாவருடம். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதாமாதம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விற்பவர் “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்பார். நம்பாதீர்கள், அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். முப்பது நாள் குட்டிக்குப் போட்ட ஊசியைக் கணக்கில் சேர்க்க முடியாது, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தியே அதை முறித்துவிடும். வெளி மெடிக்கலில் ஊசி வாங்கினால் ஐஸ் பேக்கோடு எடுத்துப் போங்கள், 2-8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது. ஊசிகள் முடியும்வரை கிளினிக் தரையில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். பார்வோ கிருமி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

கையைக் கடிப்பது ஊசிச் செலவில்லை, நோய்ச் செலவுதான். பார்வோ வந்தால் பல நாள் தொடர்ந்து ட்ரிப்ஸ். நம் ஊர்ச் சூட்டில் உண்ணிக் காய்ச்சல் வருடம் முழுக்க வரும்: சாப்பாடு மறுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தத் தட்டணு எண்ணிக்கையும் ஸ்மியரும் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா (உண்ணி பரப்பும் பாக்டீரியா) என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வழக்கமாக 28 நாள். மாத்திரை மலிவுதான், ஐந்தாம் நாள் சோறு தின்றதும் நிறுத்திவிடுவதால்தான் திரும்ப வந்து செலவு இரட்டிக்கிறது. உண்ணியைக் கொல்லும் மாத்திரையின் விலையோ உடல் எடையைப் பொறுத்தது, லேபரடார் வாங்குமுன் இதையும் யோசியுங்கள்.

பெட்டை என்றால் கருத்தடையை முதலிலேயே பட்ஜெட்டில் போடுங்கள். செய்யாமல் விட்டால், பருவம் வந்து போன சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். நிறையத் தண்ணீர் குடிக்கும், வயிறு உப்பும். அப்போது செய்யும் அவசர ஆபரேஷன் சாதாரணக் கருத்தடையைவிடப் பல மடங்கு செலவு, உயிராபத்தும் அதிகம்.

என் கணக்கு இதுதான்: ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து வருடச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குத் தனியாக மாதம் 1,000 ரூபாய் ஆர்டி. போனில் கேட்ட ட்ரிப்ஸ் விலையை ஐந்தால் பெருக்குங்கள், அந்தத் தொகை மட்டும் முதல் நாளே கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் எடுக்கலாம், ஆனால் தடுப்பூசியும் ஏற்கெனவே உள்ள நோயும் பெரும்பாலும் அதில் வராது. சேர்க்கும் வயது வரம்பையும் காத்திருப்புக் காலத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.